உஷார்! பக்கத்து கேட்டுக்குள் யார் இருக்கிறார்?

பக்கவாதம் வந்தவருக்கு மூளையில் அடைத்திருக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்க ஊசி இருக்கிறது. ஆனால் முதல் அறிகுறி தெரிந்த நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். ஏற்காட்டிலிருந்து சேலம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். 20 கொண்டை ஊசி வளைவுகளில் மெதுவாக இறங்கினாலும் ஒன்றேகால், ஒன்றரை மணி நேரத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனை வாசலுக்குப் போய்விடலாம். நாகலூர், செம்மநத்தம் பக்கமிருந்து கிளம்பினால் இன்னும் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அப்போதும் அவகாசம் மிச்சம் இருக்கிறது. மலை மேல் குடியிருக்கிற ஒரே காரணத்துக்காக ஓர் ஆளை நாம் இழக்க வேண்டியதில்லை.

ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு விழுந்தவரை மறுநாள் காலை ஆறரைக்குப் பால்காரர்தான் முதலில் பார்க்கிறார் என்றால்? பத்தரை மணி நேரம் போய்விட்டது. ஊசி, ஆம்புலன்ஸ், மருத்துவர் எல்லாம் இருந்தும் அந்த ஊசிக்கான நேரம் கடந்துவிட்டது.

ஏற்காட்டு மக்களே, இதைப் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. பயப்பட வேண்டிய விஷயம் என்பதால் எழுதுகிறேன். உங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் தனியாக இருப்பவர் யார்? அவர் பெயர் என்ன? அவர் கைப்பேசி எண் உங்களிடம் இருக்கிறதா? உங்கள் எண் அவரிடம் இருக்கிறதா? தடுமாறாமல் பதில் சொல்ல முடிந்தவர்கள் இந்த மலையில் எத்தனை பேர் இருப்போம்? அடுத்த வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்குள் இந்தக் கேள்விகளுக்கு ஒவ்வொரு வீட்டிலும் பதில் இருந்தாக வேண்டும்.

பக்கவாதம் மட்டும் இல்லை. குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு உடைந்தவர் மணிக்கணக்கில் ஒரே பக்கமாகக் கிடந்தால், உடம்பின் எடை அழுத்திய தசை சிதையத் தொடங்கும். அந்தக் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும். தாகத்தில் உடம்பு வற்றும். மார்கழி, தை மாதத்து இரவில் நம் ஊர்ச் சிமெண்ட் தரை எப்படிச் சில்லிட்டிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். உடைந்த எலும்பைவிட, யாரும் வராத அந்த நேரம்தான் பல முதியவர்களை மீள முடியாமல் செய்கிறது. குளிருக்குப் பயந்து ஜன்னல், கதவு எல்லாம் சாத்திய அறைக்குள் கரி அடுப்பை வைத்துப் படுப்பவர்களும் இருக்கிறார்கள். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே மயக்கம் வந்துவிடும். பக்கத்தில் ஆள் இருந்தால் கதவைத் திறந்து இழுத்துப் போடலாம். தனியாக இருப்பவரை யார் இழுப்பது? தயவுசெய்து கரியை அறைக்குள் கொண்டுபோகாதீர்கள்.

நம் மலையின் அமைப்பே இந்த ஆபத்தைப் பெருக்குகிறது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்த காலத்திலிருந்து, வீடுகள் தோட்டத்துக்கு நடுவில்தான் எழும்பின. சமவெளி ஊரில் ஒரு வீட்டுச் சுவர் அடுத்த வீட்டுக்கும் சுவர். அம்மிச் சத்தம் நின்றுபோனால் பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிடும். இங்கே வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் காப்பிச் செடி, மேலே சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகுக் கொடி, அதற்கப்புறம் ஒரு இரும்பு கேட். மூடுபனி இறங்கிவிட்டால் எதிர்வீட்டு விளக்குகூடத் தெரியாது. கூப்பிட்டால் கேட்காது. பல இடங்களில் கைப்பேசிக்கு சிக்னல் கிடைக்க வாசலைத் தாண்டி மேட்டுக்கு நடக்க வேண்டும். விழுந்தவர் எப்படி நடப்பார்? சாயங்காலம் ஆனால் காட்டுமாடு ரோட்டுக்கு வந்துவிடுகிறது என்று ஆறு மணிக்கே எல்லோரும் உள்ளே போய்விடுகிறோம். அந்தப் பயம் நியாயமானது, இருட்டில் கிளம்பச் சொல்லவில்லை. ஆனால் மாலை ஆறிலிருந்து காலை ஆறு வரை, ஒவ்வொரு நாளும் பன்னிரண்டு மணி நேரம், நம்மில் ஒருவருக்கு என்ன ஆனாலும் மற்றவருக்குத் தெரியாது என்ற நிலைமையில் வாழ்கிறோம். அதை இயல்பு என்று எடுத்துக்கொண்டுவிட்டோம்.

இதற்கு மேல் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அடிவாரத்தில் கார்கள் வரிசை கட்டுகின்றன. ஏரியில் படகுக்குக் கூட்டம், லேடீஸ் சீட்டில் கூட்டம், பகோடா பாயிண்ட்டில் கூட்டம். பார்க்கிறவர்கள் இந்த ஊரில் யாருக்காவது தனிமை இருக்குமா என்று கேட்பார்கள். திங்கட்கிழமை வந்து பாருங்கள். ஒரு காலத்தில் ஒரு குடும்பம் இருந்த வீடு இப்போது ஹோம் ஸ்டே. வாரத்துக்கு ஒரு கார், மாதத்துக்கு நாலு முகம். அடுத்த வீடு பெங்களூருக்காரருடையது, வருஷத்தில் பதினைந்து நாள்தான் திறந்திருக்கும். அதற்கு அடுத்தது விற்பனைக்கு. இந்த மூன்றுக்கும் நடுவில் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரைச் சுற்றி வீடுகள் உண்டு. அண்டை அயல் கிடையாது.

முதியவர்கள் இனி கூடத்தான் போகிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 வயது கடந்தவர்கள் நூற்றுக்குப் பத்து பேர். 2031-இல் அது 18 ஆகும் என்று மத்திய அரசின் கணிப்பு சொல்கிறது. ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, காற்று நல்ல காற்று என்று இங்கே வந்து தங்கியவர்கள் ஒருபுறம். மறுபுறம், வாழவந்தியிலும் மாரமங்கலத்திலும் வெள்ளக்கடையிலும் மகனும் மருமகளும் கோவைக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்விட, பேரப்பிள்ளையையும் இரண்டு ஆட்டையும் பார்த்துக்கொண்டிருக்கும் பாட்டிமார். முன்னவருக்குக் கார் இருக்கிறது, டிரைவர் இல்லை. பின்னவருக்கு பஸ்தான், அதுவும் வந்தால்.

இவர்களைப் பற்றியாவது யாராவது பேசுகிறார்கள். யாரும் பேசாத ஒருவர் இருக்கிறார். நம் மலையில் பெரிய கேட் ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் இருக்கும் வாட்ச்மேன்.

அவரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அறுபதைத் தாண்டியவர். மனைவி இறந்திருக்கலாம், அல்லது கீழே மகள் வீட்டில் இருக்கலாம். பத்து ஏக்கர் தோட்டத்துக்குள் ஒரு அறை, ஒரு ஸ்டவ், ஒரு நாய். முதலாளி மாதம் ஒரு முறை வருகிறார். மற்ற நாட்களில் அவரிடம் யாரும் பேசுவது இல்லை. முன்பு காப்பிப் பழம் பறிக்கும் சீசனில், கார்த்திகையிலிருந்து மாசி வரை, தொழிலாளர்கள் தங்கும் லயன் வீடுகள் நிறைந்திருக்கும். மேஸ்திரி சத்தம் போடுவார், களத்தில் பெண்கள் காப்பியைத் துழாவிக்கொண்டே கதை பேசுவார்கள். இப்போது பல தோட்டங்களில் லயன் காலி. பறிக்க வெளியூர் ஆட்கள் வண்டியில் வந்து வண்டியிலேயே போகிறார்கள். எல்லோருடைய சொத்தையும் காவல் காக்கிற அந்த மனிதருக்கு நெஞ்சு வலித்தால் தெரிந்துகொள்ள ஓர் ஆள் கிடையாது. சிலர் சாராயத்தைத் துணைக்கு வைத்துக்கொள்கிறார்கள். அதை ஒழுக்கக் கேடு என்று திட்டுவதற்கு முன்னால், அவர் கடைசியாக யாருடன் உட்கார்ந்து சாப்பிட்டார் என்று கேளுங்கள். தோட்டம், பங்களா, ரிசார்ட் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும்: உங்கள் வாட்ச்மேனை தினமும் ஒருவர் நேரில் பார்க்கும் ஏற்பாட்டைச் செய்வது உங்கள் கடமை. கேமரா வைத்திருக்கிறேன் என்று சொல்லாதீர்கள். கேமரா கேட்டைப் பார்க்கிறது, அவரைப் பார்ப்பதில்லை.

ரிசார்ட் சமையலறைகளில் வேலை பார்க்கும் வடமாநில இளைஞர்களையும், விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். தனிமை கிழவர்களின் நோய் என்று நாம் நினைக்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூன் 30 அன்று வெளியிட்ட அறிக்கை அந்த நினைப்பைத் தூக்கிப் போட்டுவிட்டது. உலகில் ஆறில் ஒருவர் தனிமையால் வாடுகிறார். அதில் பதின்வயதுப் பிள்ளைகளிடம்தான் அது மிக அதிகம். பணக்கார நாடுகளில் சுமார் 11 சதவீதம் என்றால், ஏழை நாடுகளில் சுமார் 24 சதவீதம். இது வெள்ளைக்காரர்களுக்கு வருவது, நமக்குக் கூட்டுக்குடும்பம் இருக்கிறது என்று இனி சொல்ல முடியாது. ஆண்டுக்கு 8,71,000 மரணங்கள் தனிமையோடு தொடர்புடையவை என்று அதே அறிக்கை கணக்கிடுகிறது. மணிக்கு ஏறத்தாழ நூறு பேர். இதயநோய், பக்கவாதம், சர்க்கரை, நினைவு மங்குதல், மனச்சோர்வு என எல்லாவற்றின் அபாயத்தையும் அது கூட்டுகிறது. ஜப்பானில் 2024-ஆம் ஆண்டில் மட்டும் தனியாக வாழ்ந்து வீட்டிலேயே இறந்து கிடந்தவர்கள் 76,000-க்கும் மேல் என்று அந்த நாட்டுப் போலீசார் எண்ணியிருக்கிறார்கள். நான்கில் மூவர் 65 வயது கடந்தவர்கள்.

எண்களைவிட என் தூக்கத்தைக் கெடுத்தது சிகாகோ. 1995 ஜூலையில் அந்த நகரத்தில் வெயில் அலை அடித்தது. ஒரே வாரத்தில் வழக்கத்துக்கு மேல் 739 பேர் இறந்தார்கள். பலர் பூட்டிய அறைக்குள் தனியாக. எரிக் கிளினன்பெர்க் என்ற சமூகவியலாளர் பின்னால் போய்த் தெருத்தெருவாக ஆராய்ந்தார். நார்த் லான்டேல், சவுத் லான்டேல் என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பகுதிகள். இரண்டிலும் ஏழைகள், இரண்டிலும் தனியாக வாழும் முதியவர்கள், ஒரே வெயில். வடக்கில் லட்சத்துக்கு 40 பேர் இறந்தார்கள். தெற்கில் லட்சத்துக்கு 4 பேர். பத்து மடங்கு வித்தியாசம்!

காரணம் மருத்துவமனை இல்லை, பணமும் இல்லை. வடக்கில் தொழிற்சாலைகள் மூடி, கடைகள் மூடி, குடும்பங்கள் கிளம்பிப் போய், காலி மனைகளும் பாழடைந்த வீடுகளும் மிஞ்சியிருந்தன. முதியவர்கள் வெளியே வரப் பயந்தார்கள். வந்தாலும் போக இடம் இல்லை. தெற்கில் தெரு நிறையக் கடை. காய் வாங்க, ரொட்டி வாங்க, சும்மா நிற்க என்று கிழவர்கள் தினமும் இறங்கினார்கள். வெயில் தாங்காதபோது குளிர்ந்த கடைக்குள் போய் உட்கார்ந்தார்கள். ஒருவர் வரவில்லை என்றால் கடைக்காரருக்குத் தெரிந்தது. அவ்வளவுதான். அந்த "தெரிந்தது" தான் உயிரைக் காப்பாற்றியது.

இதைப் படித்துவிட்டு ஏற்காட்டைப் பாருங்கள். மூடிக்கிடக்கும் வீடுகள், காலி லயன்கள், ஆறு மணிக்கு மேல் வெறிச்சோடும் ரோடு. நாம் வடக்குப் பக்கமாக மாறிக்கொண்டிருக்கிறோம். நம்மிடம் மிஞ்சியிருக்கும் தெற்குப் பக்கம் என்ன? ஒண்டிக்கடையிலும் ஊர் முக்குகளிலும் இருக்கும் டீக்கடைகள், வாரச் சந்தை, பஸ் நிறுத்தம், ரேஷன் கடை, கோயில், சர்ச். இவை வெறும் வியாபார இடங்கள் இல்லை என்பதை நாம் இப்போதே உணர வேண்டும். பெரிய மால் வரவில்லையே என்று வருந்துகிறவர்கள், முக்கு டீக்கடை மூடும்போது ஏன் வருந்துவதில்லை?

ரேஷன் கடையைப் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். 2025 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில், முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அரிசியும் சர்க்கரையும் வீட்டு வாசலுக்கே வருகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் ரத்த அழுத்த மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் வீட்டுக்கே கொண்டுவருகிறது. மலையேறி இறங்க முடியாதவர்களுக்கு இவை இரண்டும் பெரிய ஆறுதல், முழு மனசோடு வரவேற்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சில பாட்டிமாருக்கு அந்த ரேஷன் வரிசைதான் மாதத்தில் ஊரைப் பார்க்கிற ஒரே நாளாக இருந்தது. "என்ன ஆயா, போன வாரம் காணோம்?" என்று யாராவது கேட்ட இடம் அது. மூட்டை வீட்டுக்கு வந்துவிட்டது. கேள்வி வீட்டுக்கு வரவில்லை. அந்தக் கேள்வியைக் கொண்டுபோக வேண்டியது அரசு இல்லை, நாம்தான்.

இந்த மலைக்கு அண்டை அயல் என்பது தெரியாத விஷயமா? காப்பி வருவதற்கு எத்தனையோ காலத்துக்கு முன்பே மலையாளிப் பழங்குடி மக்கள் இங்கே ஊர் கட்டி வாழ்ந்தார்கள். காஞ்சியிலிருந்து மூன்று சகோதரர்கள் கிளம்பி வந்து, மூத்தவர் பெரியண்ணன் சேர்வராயனிலும், நடுவண்ணன் பச்சைமலையிலும், சின்னண்ணன் கொல்லிமலையிலும் தங்கியதாக அவர்கள் வரலாறு சொல்கிறது. சேர்வராயன் மலை சேலநாடு, முட்டநாடு, மொகநாடு என்று மூன்று நாடாகப் பிரிந்து, நாட்டுக்கு ஒரு பட்டக்காரர் என்று இருந்தது. சாமை விதைப்பும் அறுப்பும் இன்று உன் காடு, நாளை என் காடு என்று நடந்தது. ஒரு வீட்டில் அடுப்பு புகையவில்லை என்றால் ஊருக்கே தெரியும். அந்த அமைப்பில் எல்லாம் நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். ஊர்க் கட்டுப்பாடு என்ற பெயரில் தண்டமும் ஒதுக்கிவைப்பும் இருந்தன, பெண்கள் அதன் சுமையை அதிகம் சுமந்தார்கள். ஆனாலும் ஒருவர் விழுந்து ஒரு இரவு முழுக்கக் கிடப்பது அந்த ஊரில் நடந்திருக்காது. மே மாதத்தில் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மலை முழுக்க இன்றும் கூடுகிறதே, அந்தக் கூட்டத்தில் எஞ்சியிருப்பது அந்த ஊர்ப் பிணைப்புதான்.

இப்போது இன்னொரு எச்சரிக்கை. தனியாக இருப்பவரை நாம் கவனிக்காமல் விடலாம். திருடர்கள் விடுவதில்லை. 2024 நவம்பர் கடைசியில் திருப்பூர் மாவட்டம் சேமலைகவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் தாய், தந்தை, மகன் மூன்று பேரும் கொல்லப்பட்டார்கள். 2025 மே மாதத் தொடக்கத்தில் ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே தோட்டத்து வீட்டில் தனியாக இருந்த வயதான தம்பதி கொல்லப்பட்டுக் கிடந்தது தெரியவந்தது. இந்த இரண்டாவதில் நெஞ்சை அறுப்பது, அவர்கள் இறந்து சில நாட்கள் கழிந்த பிறகுதான் வெளியே தெரிந்தது என்பது. கொங்கு நாட்டில், உறவும் பங்காளியும் நிறைந்த பகுதியில் அது நடந்தது. நம் மலையில் வீடுகள் அதைவிடத் தள்ளித்தள்ளி இருக்கின்றன.

கேட் தாண்டி வருகிறவன் மட்டும் திருடன் இல்லை. போன் வழியாக வருகிறவன் இன்னும் மோசம். சி.பி.ஐ. என்கிறான், மும்பை போலீஸ் என்கிறான், உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் என்கிறான். "டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம், வீடியோ காலை அணைக்கக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது" என்கிறான். அந்தக் கடைசி வார்த்தையைக் கவனியுங்கள். பக்கத்தில் ஓர் ஆள் இருந்து "என்னங்கய்யா, முகம் ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டால் அவன் நாடகம் அந்த நிமிஷமே முடிந்தது. அதனால்தான் ஆளைத் தனிமைப்படுத்துகிறான். ஏற்கெனவே தனியாக இருப்பவர் அவனுக்கு வேலை மிச்சம். இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று கிடையவே கிடையாது. 2024 அக்டோபரில் மனதின் குரல் நிகழ்ச்சியில் பிரதமரே இதை எச்சரித்தார். பணம் போய்விட்டால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 1930-க்கு அழைக்க வேண்டும். இதைத் தெரிந்த நீங்கள், தெரியாத பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் சொன்னீர்களா?

2024 டிசம்பர் முதல் வாரத்தை மறந்திருக்க மாட்டீர்கள். ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டில் ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. மலைப்பாதையில் மண் சரிந்து, பாறை உருண்டு, போக்குவரத்தை நிறுத்தினார்கள். அந்த மாதிரி நாளில் கீழேயிருந்து 108 வர முடியாது, சென்னையிலிருந்து மகனும் வர முடியாது. வரக்கூடியவர் நடந்து வரும் தூரத்தில் இருப்பவர் மட்டும்தான். ரோடு திறக்கும் வரை மாத்திரை இருக்கிறதா, விறகு இருக்கிறதா, அந்த வீட்டுக் கூரை தாங்குமா என்று போய்ப் பார்த்தவர்கள் நம்மில் இருக்கிறார்கள், அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அது அவரவர் மனசைப் பொறுத்து நடந்தது. அடுத்த முறை அப்படி விட்டுவிடக் கூடாது.

செய்ய வேண்டியது பெரிய சங்கமோ, ரசீதுப் புத்தகமோ இல்லை. உங்கள் வீட்டுக்கு நடந்து போகிற தூரத்தில் உள்ள மூன்று வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்றும் சேர்ந்து ஒரு காலை அடையாளத்தை முடிவு செய்யட்டும். வாசல் விளக்கை ஏழு மணிக்குள் அணைப்பது, அல்லது திண்ணையில் ஒரு துண்டைத் தொங்கவிடுவது, சிக்னல் இருந்தால் ஒரு மிஸ்டு கால். எட்டு மணிக்குள் அடையாளம் தெரியவில்லை என்றால் ஒருவர் போய்க் கதவைத் தட்ட வேண்டும். இரவில் விழுந்தவருக்கு இது போதாது. அதற்கு ராத்திரி படுக்கும் முன்னும் ஒரு அடையாளம் வையுங்கள். மாற்றுச் சாவி ஒன்று நம்பிக்கையான ஒரு வீட்டில் இருக்கட்டும். உள்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டால் சாவி இருந்தும் கதவு திறக்காது, ஆகவே எந்தக் கதவு வழியாக உள்ளே வரலாம் என்பதையும் சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள்.

108-க்கு அழைத்தால் "கதவு எண் என்ன, தெரு என்ன" என்று கேட்பார்கள். தோட்டத்து வீட்டுக்கு ஏது தெரு? பதற்றத்தில் வழி சொல்ல வராது. எந்தப் பஞ்சாயத்து, எந்தச் சாலை, எந்த நிறுத்தத்துக்கு அடுத்த எத்தனையாவது கேட், வாசலுக்கு அருகிலுள்ள மின்கம்பத்தின் எண் என்ன என்று ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். அதே அட்டையில் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர், ஒவ்வாமை, பிள்ளைகளின் எண். அதன் நகல் பக்கத்து வீட்டிலும் இருக்கட்டும்.

இதைச் செய்யும்போது ஒரு தவறு நடந்துவிடும் என்று எனக்கு உள்ளூரப் பயம். ஆர்வத்தில் யாராவது "தனியாக வசிக்கும் முதியோர் பட்டியல்" என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார்கள். செய்யாதீர்கள்! முந்நூறு பேர் இருக்கும் குழுவில் யார் யாருக்கு அனுப்புவார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. எந்த வீட்டில் ஆண் துணை இல்லை, எவர் மகள் வெளிநாட்டில், எந்த வாரம் யார் ஊருக்குப் போகிறார் என்பதெல்லாம் மூன்று வீட்டுக்குள் இருக்க வேண்டிய விஷயம். பட்டியல் வேண்டுமானால் காகிதத்தில் எழுதி ஏற்காடு காவல் நிலையத்தில் நேரில் கொடுங்கள்.

போகிற விதமும் முக்கியம். "தனியா இருக்கீங்களே, பாவம்" என்று ஆரம்பித்தால் கதவு அப்போதே சாத்திக்கொள்ளும், அது சரியும்கூட. மகன் ஏன் வருவதில்லை, இடத்தை யாருக்கு எழுதிவைக்கப் போகிறீர்கள் என்பவை கேட்கக் கூடாதவை. உதவி செய்யப் போவதைவிட உதவி கேட்டுப் போவது நல்லது. ஓய்வுபெற்ற ஆசிரியையிடம் பிள்ளைக்கு ஒரு மணி நேரம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். பாட்டியிடம் மூலிகை கேளுங்கள், வாட்ச்மேனிடம் மிளகுக் கொடி கட்டும் பக்குவம் கேளுங்கள். தன்னால் ஒருவருக்கு ஆகிறது என்று தெரிந்தவர் மறுநாள் தானாகவே கேட்டுக்கு வந்து நிற்பார்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இந்த மலையில் பங்களாவும் லயனும் ஒரே உயரத்தில் உட்கார்ந்து பேசிய பழக்கம் இல்லை. பங்களாக்காரர் திண்ணையில், தோட்டத்து ஆள் வாசலில் நின்று. சாதியும் அதற்குள் இருக்கிறது. அப்படி நிற்கவைத்துப் பேசுகிற ஊரில் அண்டை அயல் உண்டாகாது. ராத்திரி பத்து மணிக்கு உங்களைத் தூக்கிக்கொண்டு ஜீப்புக்கு ஓடப்போகிறவர் அந்த லயன் வீட்டு இளைஞர்தான் என்றால், அவருக்கு நாற்காலி போட்டு அதே டம்ளரில் காப்பி கொடுக்கும் பழக்கம் அதற்கு முன்பே வந்திருக்க வேண்டும். இதில் சமரசம் செய்துகொண்டு மற்ற ஏற்பாடு எதைச் செய்தாலும் நிலைக்காது.

முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்கள் பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிநிவாரண, ஆதரவுச் சிகிச்சை இயக்கம், சில ஆண்டுகளில் மலப்புறத்தில் அக்கம்பக்கத்தாரின் வலைப்பின்னலாக விரிந்தது. ஆட்டோ ஓட்டுநர், கல்லூரி மாணவர், மீன் வியாபாரி என்று சாதாரண ஜனங்கள் வாரத்தில் ஓரிரு மணி நேரம் ஒதுக்கி, படுக்கையில் கிடப்பவர்களின் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தார்கள். நோயாளிக்கு மருந்து தேவையா, அரிசி தேவையா, பேச்சுத் துணை தேவையா என்று அவர்களே பார்த்தார்கள். 2008-இல் கேரள அரசே அதைத் தன் கொள்கையாக எடுத்துக்கொண்டது. அரசு தொடங்கி மக்கள் சேர்ந்த கதை இல்லை அது.

யாருடனாவது பேசினால் தேவலை என்று இருக்கிறதா? டெலி மானஸ் 14416, இரவு பகல் எந்நேரமும், தமிழில் பேசலாம். முதியோருக்கான உதவி எண் 14567. பிள்ளைகள் கைவிட்டுவிட்டார்கள் என்றால் 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம், வக்கீல் தேவையில்லை.

கடைசியாக, இதை வெளியூரில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கும் மகன்களே, மகள்களே! நீங்கள் தினமும் அம்மாவுக்கு போன் செய்கிறீர்கள், பணம் அனுப்புகிறீர்கள், கேமராவில் பார்க்கிறீர்கள். நல்லது. இன்று அழைக்கும்போது ஒன்று மட்டும் கேளுங்கள்: "அம்மா, பக்கத்து வீட்டுக்காரர் நம்பர் என்ன?" அவர் தயங்கினால், அல்லது "எதுக்குப்பா அவங்களை எல்லாம் தொந்தரவு பண்ணிக்கிட்டு" என்றால், ஆபத்து உங்கள் வீட்டுக்குள் ஏற்கெனவே வந்துவிட்டது. அடுத்த விடுமுறைக்கு மலையேறும்போது ஏரிக்கும் பார்க்குக்கும் போவதற்கு முன்னால் அந்த மூன்று வீடுகளுக்கும் அம்மாவை அழைத்துக்கொண்டு நடந்து போங்கள். உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு வாருங்கள். எண் கிடைத்துவிட்டதென்றால் விடுமுறை வரை காத்திருக்க வேண்டாம். இன்று ராத்திரியே அந்த எண்ணுக்கு அழைத்து, நீங்கள் யார், அம்மாவுக்கு என்னென்ன மாத்திரை, எந்த நேரத்திலும் உங்களை எந்த எண்ணில் பிடிக்கலாம் என்று சொல்லிவிடுங்கள்.